கயாவில் விட்ட கொய்யா

தஞ்சாவூர் திரும்பி ஒரு வாரமாகிவிட்டது. பீகாரில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. அங்கே ராத்திரி ராத்திரி ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் உட்கார்ந்து நோட்டில் கிறுக்கியதைக் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி, நாள்வாரியாகப் போடுகிறேன்.

முதலில் போன காரணம். அப்பாவும் நானுமாக முப்பது வருடம் நடத்திய அச்சகத்தை மூடி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ராத்திரி இரண்டரை மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது மாதிரி விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை கணக்குதான். யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்த மிஷினை அவசரப்பட்டு விற்றேன், இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கலாமோ. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தியானம் பண்ணிப் பாருங்களேன்" என்றார். அதையும் பண்ணிப் பார்த்தவன் நான். மூன்று வருடம் முன்னால் பத்து நாள் விபாசனா வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். காலை நான்கு மணிக்கு எழ வேண்டும், யாரோடும் பேசக்கூடாது. முதல் மூன்று நாள் மூக்கின் வாசலில் மூச்சு போய் வருவதைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. அதுவரை சமாளித்தேன். ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்காரச் சொன்ன பிறகு, ஐந்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. அதனால் பண நஷ்டம் இல்லை, வெட்கம்தான்.

அத்தையின் காரணம் வேறு. அத்தை அப்பாவின் தங்கை, வயது 68. மாமா போய்ப் பதினான்கு மாதம். பிள்ளைகள் இல்லை. "கயாவுல அவருக்கு ஒரு பிண்டம் போட்டுட்டு வந்துடணும், கூட வர்றியாடா?" என்றார். கயாவிலிருந்து, புத்தர் ஞானம் பெற்ற புத்தகயா பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர்தான் என்று எனக்குத் தெரியும். சரி, அவருக்கு அது, எனக்கு இது என்று கிளம்பினோம்.

ஜனவரி 18, வண்டியிலும் கயாவிலும்

ஹவுராவில் ஏறிய வண்டி காலை ஐந்தரைக்குக் கயா போயிருக்க வேண்டும். பனிமூட்டத்தில் எங்கோ வயல் நடுவே நின்றது நின்றதுதான். ஜன்னலுக்கு வெளியே பால் ஊற்றிய மாதிரி வெள்ளை, பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. ஏழு மணி நேரம் தாமதம்.

எதிர் இருக்கையில் நவாதா போகும் ஒரு குடும்பம். எங்களிடம் பிஸ்கட் தவிர ஒன்றும் இல்லை என்பதை அந்த அம்மாள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். கேட்கவெல்லாம் இல்லை. சத்து என்கிற வறுத்த கடலை மாவு அடைத்த ரொட்டி இரண்டு, ஒரு துண்டு மிளகாய் ஊறுகாய், அப்புறம் டேக்குவா என்று ஒரு கோதுமைப் பலகாரம், எல்லாவற்றையும் செய்தித்தாளில் வைத்து அத்தை மடியில் வைத்துவிட்டார். டேக்குவாவைக் கடிக்க நல்ல பல் வேண்டும். அத்தைக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவ நாத்தனாரைப் பத்தி" என்றார் அத்தை.

கயா ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார், 200-க்கு வந்தார். இறங்கியபின் பார்த்தால் நடந்தே வந்திருக்கலாம். விடுதியில் ஹீட்டருக்குத் தனியாக 300. போட்ட பத்தாவது நிமிடம் ஃபியூஸ் போய்விட்டது. 300 போனது போனதுதான்.

ஜனவரி 19, கயா

பல்குனி ஆற்றில் தண்ணீர் இருந்தது. அத்தைக்கு அதில் ஏமாற்றம். சின்ன வயதிலிருந்து அவர் கேட்ட கதையில் பல்குனி வறண்ட ஆறு. ராமனும் லட்சுமணனும் பொருள் வாங்கப் போன நேரத்தில் தசரதன் கை நீட்டிப் பிண்டம் கேட்க, சீதை ஆற்று மணலையே உருட்டிக் கொடுத்துவிடுகிறாள். ராமன் வந்து நம்பவில்லை. சாட்சி கேட்டால் ஆறு, பசு, தாழம்பூ எல்லாம் பொய் சொல்கின்றன, ஆலமரம் மட்டும் உண்மை சொல்கிறது. மேலே தண்ணீர் ஓடாமல் மணலுக்கு அடியில் ஓடு என்று சீதை சபித்த ஆறு இது. இப்போது 2022-ல் கட்டிய ரப்பர் அணை விஷ்ணுபாதக் கோயில் அருகே தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது. "சீதை சாபத்தையே கவர்மென்ட்டு எடுத்துடுச்சு" என்றார் அத்தை.

தமிழ் பேசும் வாத்தியார் ஒருவர் ஏற்பாடாகியிருந்தார். அவர் தர்ப்பையை என்னிடம் நீட்டினார். அத்தை குறுக்கே கையை வைத்தார். "நான்தான் பண்ணப்போறேன். சீதை பண்ணலையா?" வாத்தியார் ஒரு கணம்தான் யோசித்தார். சிரித்துக்கொண்டே தர்ப்பையை அந்தப் பக்கம் திருப்பினார். இந்த ஊர் அதற்கெல்லாம் பழகியது போலிருக்கிறது.

அத்தை மாமாவுக்குப் போட்டார், தன் அப்பா அம்மாவுக்குப் போட்டார். யாருமில்லாதவர்களுக்கும் வாயில்லாத பிராணிகளுக்கும் ஒன்று உண்டு என்று வாத்தியார் சொன்னதும் அவர்கள் வளர்த்த மணி என்கிற நாய்க்கும் போட்டார். பாறையில் பதிந்த விஷ்ணு பாதத்தைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. 1787-ல் அகல்யாபாய் ஹோல்கர் கட்டிய கோயில். கருங்கல் தூண்களை நின்று பார்க்க விடமாட்டார்கள்.

கடைசியாக அட்சயவடம், அந்த உண்மை சொன்ன ஆலமரம். இங்கே ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விட வேண்டும். விட்டதை ஆயுசுக்கும் சாப்பிடக்கூடாது. எங்கள் ஊரிலிருந்து வருகிறவர்கள் சாமர்த்தியசாலிகள், பாகற்காயை விடுவார்கள். பக்கத்தில் ஒருவர் சப்போட்டாவை விட்டார், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அத்தை பீர்க்கங்காய் என்றார், முருங்கைக்கீரை என்றார், பழத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார்.

"கொய்யா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொய்யாப்பழம் என்றால் அத்தைக்கு உயிர். மாமா சாயங்காலம் வரும்போது பையில் நாலு கொய்யா இல்லாமல் வந்ததில்லை. நான் ஏதோ சொல்லப்போக, "பிடிக்காததை விடுறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

வெளியே வந்தால் கோயில் வாசலிலிருந்து சாலை முனைவரை தள்ளுவண்டி தள்ளுவண்டியாகக் கொய்யா. ஜனவரியில் பீகாரில் அதுதான் பழம். நாலாகப் பிளந்து கறுப்பு உப்பு தூவித் தருகிறார்கள், ஒன்று பத்து ரூபாய்.

ஜனவரி 20, புத்தகயா

டோட்டோவில் வந்தோம். பாட்டரி ரிக்‌ஷாவுக்கு இங்கே அதுதான் பெயர். பனியில் டிரைவருக்கு முன்னால் போகிறவனின் மப்ளர் நிறம்தான் அடையாளம்.

மகாபோதி கோயிலுக்குள் போனை விடமாட்டார்கள். கவுன்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2013-ல் குண்டு வெடித்தபின் கெடுபிடி அதிகம். போன் இல்லாத சட்டைப் பையை முதல் அரை மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை தடவிப் பார்த்திருப்பேன்.

நான் கற்பனை செய்த இடம் வேறு. ஒரு மரம், அதன்கீழ் நிசப்தம். நேரில் பார்த்தது ஒரு திருவிழா. சுமார் 55 மீட்டர் உயரக் கோபுரம். அதைச் சுற்றி வெள்ளை உடையில் இலங்கையர் ஒரு பக்கம், ஒலிபெருக்கி வைத்துத் தாய்லாந்துக் கூட்டம் ஒரு பக்கம். தொண்டைக்குள்ளிருந்து உறுமுவது போல ஓதும் திபெத்தியத் துறவிகள் நூற்றுக்கணக்கில். வழவழப்பான பலகை போட்டு அதன்மேல் தடாலென்று விழுந்து, கைகளை வழுக்கி நீட்டி, எழுந்து, மறுபடி விழுந்து வணங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரு லட்சம் தடவை என்று நேர்ந்துகொண்டு செய்கிறார்களாம். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்படித் தண்டால் எடுத்தா உனக்கும் தூக்கம் வரும்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்த ஊரில் கேட்ட ஆலோசனைகளில் அது மோசமானதில்லை.

இப்போதுள்ள போதி மரம் புத்தர் உட்கார்ந்த அதே மரம் இல்லை. பழையது 1876-ல் புயலில் விழுந்தபின் அதன் வழிவந்த கன்றைத் தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்ஹாம் நட்டார். ஒரு இலை உதிர்ந்தால் பத்துப் பேர் பாய்கிறார்கள். துறவறம் பூண்டவர்களும்தான். அதில் ஒரு இலை நேராக அத்தை மடியில் வந்து விழுந்தது. பக்கத்தில் ஒரு வியட்நாம் கிழவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தம்மாள் தலையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். பதிலுக்கு ஒரு இஞ்சி மிட்டாய் வந்தது.

நான் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூச்சைப் பத்துவரை எண்ண வேண்டும், விட்டால் ஒன்றிலிருந்து. நாலைத் தாண்டவில்லை. ஒலிபெருக்கி, குளிர், கட்டிங் மிஷின் வாங்கியவன் தரவேண்டிய பாக்கி. 2010-ல் ஹார்வர்டில் 2,250 பேரைப் போன் வழியாக நடுநடுவே கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனசு செய்கிற வேலையில் இல்லை, அப்படி அலையும்போது பெரும்பாலும் சந்தோஷமாகவும் இல்லை என்று வந்தது. 46.9 என்றால் அவர்கள் எல்லாம் மகான்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தை சுவரில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்து, போதி மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரி திபெத்தியக் கூடாரக் கடையில் துக்பா, 120 ரூபாய். ஆவி பறக்கும் நூடுல்ஸ் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெஞ்சில் ஓய்வுபெற்ற டச்சு நர்ஸ் ஒருவர், பல குளிர்காலமாக இங்கே வருகிறவர். தியானம் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வலிக்கும் ஓரளவு உதவும், உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2014-ல் 47 ஆய்வுகளை, 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. "மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது. பழைய காயம் ஆழமாக உள்ளவர்களைப் பத்து நாள் மௌனத்தில் உட்கார வைத்தால் சிலருக்கு மோசமாகிவிடுவதும் உண்டு" என்றார். ஐந்தாம் நாள் ஓடியதை அவரிடம் சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக யாரோ சிரிக்காமல் கேட்டார்கள்.

ஜனவரி 21, புத்தகயா, சுஜாதா கிராமம்

காலை ஐந்து மணிக்குக் கோயில் திறக்கும்போது வாசலில் நின்றோம். மார்பிள் தரை பாதத்தில் ஐஸ். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் போதவில்லை.

கோபுரத்தின் வடபுறச் சுவரை ஒட்டி ஒரு நீளத் திண்ணை, அதில் கல் தாமரைகள். சங்கிரமணம் என்று பெயர். புத்தர் ஞானம் பெற்ற முதல் வாரம் மரத்தடியில் உட்கார்ந்தவர், இரண்டாம் வாரம் இமைக்காமல் மரத்தையே பார்த்து நின்றவர், மூன்றாம் வாரம் இந்த இடத்தில் முன்னும் பின்னுமாக நடந்தார் என்பது ஐதீகம். அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, "எந்த ஊர் ஐயா?" என்று தமிழில் ஒரு குரல். காவி உடுத்த சிங்களத் துறவி. திருகோணமலைப் பக்கம் பல வருடம் இருந்ததில் வந்த தமிழ். நேற்று நான் உட்கார்ந்து நெளிந்ததைப் பார்த்தாராம்.

"இருக்க ஏலாட்டி நடங்கோ. புத்தரே நடந்தவர்."

அப்படித்தான் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. குதிகால் தூக்குவது, கால் நகர்வது, வைப்பது. அவ்வளவுதான். முப்பது அடி போய்த் திரும்ப வேண்டும். மனசு ஓடினால் திட்டக்கூடாது, காலுக்குத் திரும்ப வேண்டும். ஆச்சரியம், காலுக்குத் திரும்புவது மூக்குக்குத் திரும்புவதைவிடச் சுலபமாக இருந்தது. அந்தக் குளிரில் பாதம் தன்னை மறக்கவிடவில்லை என்பதும் ஒரு காரணம்.

அப்புறம் அவர் இரண்டு அம்புக் கதையைச் சொன்னார். வலி வந்தால் அது முதல் அம்பு, அது எல்லாருக்கும் வரும். ஐயோ எனக்கு ஏன் வந்தது என்று புலம்புவது இரண்டாவது அம்பு. "அது நாங்களே எய்யிறது" என்று தன் நெஞ்சில் குத்திக் காட்டினார். புத்தர் சொன்னதாகப் பாலி மொழிச் சூத்திரங்களில் உள்ள உவமைதான். எனக்கு அது தத்துவமாகப் படவில்லை, என் படுக்கையறை நினைவுக்கு வந்தது. இரண்டரை மணிக்கு விழிப்பது ஒரு அம்பு. போச்சு, இன்றைக்கும் போச்சு, நாளைக்கு வேலை ஓடாது என்று மணியைப் பார்ப்பது இன்னொன்று. எட்டு மாதமாக நான் எந்த அம்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்?

நிம்மதி தேடி வந்தேன் என்று அவரிடம் சொன்னேன். புத்தர் கடைசி நாட்களில் சீடர் ஆனந்தரிடம் நாலு இடங்களைச் சொன்னார் என்றார். பிறந்தது, ஞானம் பெற்றது, முதலில் போதித்தது, மறைந்தது. அங்கே போனால் நிம்மதி வரும் என்று சொல்லவில்லையாம். சம்வேகம் வரும் என்றாராம். உள்ளுக்குள் ஒரு உலுக்கல், இருக்கிற நாள் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பதைப்பு. தெளிவெல்லாம் அதற்கப்புறம். நான் ஏதோ தப்பான கடையில் சரக்குக் கேட்டவன் மாதிரி நின்றேன்.

மத்தியானம் நிரஞ்சனா ஆற்றைக் கடந்து சுஜாதா கிராமம். பாலமிருக்கிறது, ஆனால் அத்தை மணலில் நடப்போம் என்றார். அகண்ட மணல், ஓரத்தில் ஒரு கோடு தண்ணீர். பட்டினி கிடந்து எலும்பாகிப்போன சித்தார்த்தருக்குப் பால் சோறு கொடுத்தவள் சுஜாதா. அவள் பெயரில் செங்கல் ஸ்தூபி ஒன்று உண்டு. "முதல்ல சாப்பிட வச்சா, அப்புறம்தான் ஞானம் வந்துருக்கு" என்றார் அத்தை. பள்ளிக்கூடம் நடத்துகிறேன் என்று ஒரு இளைஞன் ரசீது புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டான். 500 கொடுத்தபின், பள்ளிக்கூடத்தைக் காட்டு என்று கேட்டதும் காணாமல் போனான்.

திரும்பும் வழியில் கொய்யா வண்டி. அத்தை நின்றார். ஒன்றை எடுத்தார், அமுக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். கண் மூடியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கீழே வைத்துவிட்டு நடந்தார். ரொம்ப தூரம் போனபின், "நல்ல வாசனை. கொஞ்ச நேரம் வாயெல்லாம் ஊறுச்சு. அப்புறம் போயிடுச்சு" என்றார். இதே விஷயத்தைக் கற்றுக்கொள்ளத்தான் அந்த வகுப்பில் பத்து நாள் உட்கார வைக்கிறார்கள். உடம்பில் ஒரு துடிப்பு எழும், இருக்கும், போகும், நீ கை நீட்டாதே. அத்தையிடம் இதைச் சொன்னால் "போடா" என்பார்.

ராத்திரி வழக்கம்போல இரண்டரைக்கு விழித்தேன். மணி பார்க்கவில்லை என்று எழுத ஆசை, பார்த்தேன். ஆனால் திட்டவில்லை. ரஜாய்க்குள் பாதத்தை உணர்ந்துகொண்டு கிடந்தேன். அடுத்து நினைவு வந்தபோது ஆறேகால்.

ஜனவரி 22, ராஜகிருகம் (ராஜ்கிர்)

வழியில் கெலோர். மலையை உளியும் சுத்தியலும் வைத்துத் தனியாளாக வெட்டி வழி போட்ட தசரத் மாஞ்சியின் ஊர். 1960-ல் தொடங்கி 22 வருடம். மலையைச் சுற்றிப் போகவேண்டியதால் மனைவிக்குச் சிகிச்சை கிடைக்காமல் போனதுதான் காரணம். சுமார் 110 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட பாறையை அத்தை கையால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போனார். மனைவி பெயர் என்ன என்று டிரைவரிடம் கேட்கச் சொன்னார். பல்குனி தேவி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ராஜ்கிர் வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

ரத்னகிரி உச்சிக்கு ரோப்வே. மேலே ஜப்பானியர் கட்டிய வெள்ளை ஸ்தூபி, 1969-ல் திறந்தது. பக்கத்துக் கோயிலில் ஒருவர் பெரிய முரசைத் தட்டிக்கொண்டே ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். டொம், டொம், டொம்டொம். கேட்டதும் எனக்கு அடிவயிற்றில் ஏதோ ஆயிற்று. அப்பாவின் பழைய டிரெடில் அச்சு மிஷின் ஓடுகிற தாளம். பத்து வயதில் அந்தச் சத்தத்தில்தான் பேப்பர் கட்டுமேல் படுத்துத் தூங்குவேன். தாள் வைக்க ஒரு அடி, எடுக்க ஒரு அடி. அரை மணி நேரம் தூணோரம் நின்று கற்பனைத் தாள்களை எண்ணினேன். 600 பிரதி ஓடியிருக்கும். கடையை மூடிய அன்றைக்கு நான் அழவில்லை. இங்கேயும் அழுதேன் என்று சொல்ல மாட்டேன், குளிரில் எல்லாருக்கும்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

அங்கிருந்து இறங்கினால் கழுகுமலை, கிருத்ரகூடம். புத்தர் பல காலம் தங்கிப் பேசிய பாறை. சோணர் என்ற துறவிக்கு வீணை உவமை சொன்னதும் இங்கே தங்கியிருந்த காலத்தில்தான். சோணர் செல்வத்தில் வளர்ந்தவர். நடைத் தியானம் செய்து செய்து பாதம் பிளந்து ரத்தம் வந்தும் பலனில்லை, வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறார். புத்தர் கேட்கிறார்: நீ வீணை வாசிப்பாயே, நரம்பை ரொம்ப முறுக்கினால் இசை வருமா? தளர்த்திவிட்டால் வருமா? பெட்டியைத் தூக்க நினைத்தவன் நான் மட்டும் இல்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

படியில் உட்கார்ந்து பையைத் திறந்தால் கொய்யா. எனக்கென்று அத்தை காலையில் அரைக் கிலோ வாங்கி வைத்திருந்தார், 30 ரூபாய். திறந்த கையோடு ஒரு குரங்கு பையையே பிடுங்கிக்கொண்டு மேல் பாறையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கடி கடித்து, கீழே எறிந்தது. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"தின்னட்டும்டா. அது ஒண்ணும் கயாவுல விடலையே!"

அன்று ராத்திரி இரண்டு மணிக்கே விழிப்பு. கால், மூச்சு, அம்பு எதுவும் வேலைக்கு ஆகவில்லை. விடியும்வரை கணக்குதான் போட்டேன்.

ஜனவரி 23, நாளந்தா

தூக்கக் கலக்கத்தோடு பார்த்ததால் சுருக்கமாகவே எழுத முடிகிறது. செங்கல், செங்கல், இன்னும் செங்கல். மாணவர் அறைகளில் விளக்கு மாடமும் படுக்கத் திண்ணையும் அப்படியே இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் இங்கே படித்த யுவான் சுவாங்கின் ஆசிரியர் சீலபத்திரர். அவருடைய ஆசிரியர் தர்மபாலர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர். ராஜகுமாரியோடு கல்யாணம் நிச்சயமாகி, முந்தின ராத்திரி ஓடிவந்து துறவியானவர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். அவர் கல்யாணத்திலிருந்து தப்பித்துத் தியானத்துக்கு வந்தார், நான் தியானத்திலிருந்து தப்பித்து வீட்டுக்குப் போனேன்.

சிலாவ் என்ற ஊரில் காஜா வாங்கினோம். அடுக்கடுக்காகப் பொரிந்த இனிப்பு, வாயில் வைத்ததும் நொறுங்கும். இருமல் இங்கேதான் ஆரம்பித்தது.

ஜனவரி 24, கயா ஸ்டேஷன்

வண்டி மூன்று மணி நேரம்தான் தாமதம். எல்லாரும் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் மண்குவளை டீ பத்து ரூபாய், தணலில் சுட்ட லிட்டி என்கிற மாவு உருண்டை இரண்டும் கத்தரிக்காய் மசித்த சோக்காவும் 40. சோக்காவில் கடுகெண்ணெய் மூக்கில் ஏறுகிறது. நான் பிளாட்பாரத்தின் ஓரமாக முப்பது அடி போவதும் திரும்புவதுமாக இருந்தேன். ஒரு போலீஸ்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

கூடையோடு ஒரு பையன். "அம்ரூத், அம்ரூத்!" இந்தியில் கொய்யா. அத்தை கூப்பிட்டார். ஒன்றை எடுத்து வாசனை பார்த்து, வேண்டாமென்று வைத்து, இன்னொன்றை எடுத்தார். நாலாகப் பிளக்கச் சொன்னார். உள்ளே ரோஜா நிறம். உப்பு போடச் சொன்னார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு துண்டைக் கடித்தேன். அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா இருக்கு?"

"சுமார்தான் அத்தை. இனிப்பே இல்லை."

"பொய் சொல்றே" என்றார். "மெதுவாத் தின்னு."